கிளினிக் நாளை யார் குறித்தது?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் தாய் சேய் நலம் பற்றி எங்கே கூட்டம் வைத்தாலும் பதாகையில் ‘சமூகப் பங்கேற்பு’ என்ற சொற்கள் இருக்கும். தாய்மார் வருவார்கள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வைப்பார்கள், ஒரு பக்கெட் பிஸ்கட்டும் தேநீரும் கிடைக்கும், படம் எடுப்பார்கள். மறுவாரம் அறிக்கையில் “சமூகத்தின் பங்கேற்புடன் நடந்தேறியது” என்று எழுதப்பட்டிருக்கும். வந்தவர்களில் ஒருவரிடமாவது எதைப் பற்றியாவது அபிப்பிராயம் கேட்டார்களா என்பது அந்த அறிக்கையில் இராது.

வருவது வேறு, பங்கேற்பது வேறு. சொல்லிக்கொடுத்த நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிற தாய் ஒரு சேவையைப் பயன்படுத்துகிறார். கிளினிக் நடக்கும் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கித் தருகிறவர் அந்தச் சேவைக்கு உதவுகிறார். இரண்டும் நல்லவைதான். ஆனால் கிளினிக் எந்த நாளில், எந்த இடத்தில், எந்த மொழியில் நடக்க வேண்டும், அங்கே எதற்கு முதலிடம் என்ற முடிவுகளில் அந்தப் பெண்களுக்கும் கை இருந்தால்தான் அதைச் சமூகப் பங்கேற்பு என்று சொல்ல முடியும். 1978இல் அல்மா அட்டாவில் உலக நாடுகள் கூடி வெளியிட்ட ஆரம்ப சுகாதாரப் பிரகடனமே, தங்கள் சுகாதார சேவையைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் தனியாகவும் கூட்டாகவும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையும் என்று சொல்கிறது. திட்டமிடுவதிலும் என்ற பகுதிதான் நம் பக்கத்தில் வசதியாக மறக்கப்பட்டுவிடுகிறது.

பங்கேற்பு இல்லாமலேயே எவ்வளவோ நடந்திருக்கிறதே என்று கேட்கலாம். நடந்திருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, ஊர் ஊராக மருத்துவிச்சிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. தோட்டங்களும் இதற்கு விலக்கில்லை. தடுப்பூசியும் அப்படியே. வாருங்கள் என்றால் மலையகத் தாய்மார் வருகிறார்கள். மழையென்றும் மலையென்றும் பார்ப்பதில்லை.

அப்படியிருந்தும் 2016இல் எடுக்கப்பட்ட தேசிய குடித்தொகை, சுகாதார அளவீட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம் அளவில். மூன்றில் ஒரு பிள்ளை. ஊசி போட்டுக்கொண்ட, வைத்தியசாலையில் பிறந்த அதே பிள்ளைகள்தான் இவர்கள். வந்தால் போதும் என்கிற காரியங்களை நாம் முடித்துவிட்டோம். மிச்சமிருப்பவை தாயின் வேலை நேரத்தோடும், வீட்டு அடுப்போடும், குடிதண்ணீரோடும், கையில் இருக்கும் பணத்தோடும் கட்டுண்டவை. இவற்றை மேலிருந்து வரும் ஒரு சுற்றுநிருபத்தால் சரிசெய்ய முடியாது. ஏனென்றால், எங்கே இடிக்கிறது என்பது அந்த லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் எங்கேயும் வைத்துக்கொள்ளலாம். கீழ்ப்பிரிவில் டிஸ்பென்சரி, மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கே பிள்ளைகளுக்கு நிறை பார்ப்பார்கள். மேற்பிரிவிலிருந்து இறங்கி வர ஒரு மணித்தியாலம், பிள்ளையோடு ஏற அதைவிடக் கூடுதல் நேரம். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஊசி இருக்கிறது, தாய்மார் வருகிறார்கள். ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் வருகிறார்கள். பதினெட்டாம் மாத ஊசி முடிந்தால் அடுத்தது மூன்று வயதில்தான். அதற்கு இடையில் பதிவேட்டில் வெற்றுக் கட்டங்கள். பிள்ளை பால்மறந்து, வீட்டுச் சாப்பாட்டை நம்பி வளரத் தொடங்கும் காலமும் அதுதான். வளர்ச்சி வரைபடத்தில் பச்சைப் பட்டையில் ஏறிக்கொண்டிருந்த கோடு நிறைக் குறைவைக் காட்டும் செம்மஞ்சளுக்கு இறங்கும்போது பார்க்க அங்கே யாரும் இல்லை.

இதற்கு வழக்கமாக எழுதப்படும் காரணம் ‘தாய்மாரின் விழிப்புணர்வுக் குறைவு’. தீர்வு, இன்னொரு விழிப்புணர்வுக் கூட்டம். அதுவும் புதன்கிழமை காலையில்.

மேற்பிரிவுப் பெண்கள் ஆறேழு பேர் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடத்தில், உட்கார்ந்து பேசினால் வேறு கதை வரும். காலையில் மலைக்கு ஏறிவிட்டால் நடுவில் இறங்க முடியாது. இறங்கினால் அன்றைக்கு முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது விளக்க வேண்டாத கணக்கு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குறித்த அளவு கொழுந்து பறித்து முழு நாளும் நின்றால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், இல்லாவிட்டால் பாதி. ஊசிக்காக ஒரு நாளை இழக்கத் தாய் தயார். தராசில் தொங்கவிட்டு இறக்குவதற்காக இழக்கத் தயாரில்லை. அவருடைய இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

பேச்சு நீளும்போது இன்னொன்றும் வெளியில் வரும். அந்தப் பிள்ளைகள் எல்லோரும் புதன்கிழமை காலையில் ஏற்கனவே ஓர் இடத்தில்தான் இருக்கிறார்கள்: அதே பிள்ளைக் காம்பராவில். தராசை அங்கே கொண்டுவந்து உத்தரத்தில் கட்டினால் ஒரு தாயும் மலையைவிட்டு இறங்க வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவுக்கு எந்தப் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பது தாயைவிடவும் சில வேளை நன்றாகத் தெரியும். நிறையைப் பற்றித் தாயிடம் பேசுவதை மாலையில், பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது வைத்துக்கொள்ளலாம். ஒரு சதமும் செலவில்லாத மாற்றம் இது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எத்தனை திறமைசாலிகள் இருந்தாலும் அந்த மேசையிலிருந்து இது தோன்றாது. அவர்கள் அரைப்பேர் வாங்கியதில்லை.

பங்கேற்பின் பெறுமதி மக்களின் உழைப்பில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிது, அவர்கள் அறிந்து வைத்திருப்பதில் இருக்கிறது. அரசாங்கத்திடம் தராசு இருக்கிறது, தடுப்பூசி இருக்கிறது, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி இருக்கிறார். அவற்றை எங்கே எப்போது வைத்தால் வேலை நடக்கும் என்பது லயத்தில் இருக்கிறது.

தோட்டத்தில் மட்டும் ஏன் இது கடினம்

கிராமத்தில் இந்தப் பேச்சைத் தொடங்குவது சற்றுச் சுலபம். கிராம உத்தியோகத்தர், மரண உதவிச் சங்கம், பிரதேச சபை உறுப்பினர் என்று போய்ச் சொல்ல நாலு வாசல் இருக்கும். தோட்டத்தில் நூறாண்டுகளுக்கு மேலாக ஒரே வாசல்தான்: துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின், ஆபீஸ். 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் சுகாதாரத்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தது. டிஸ்பென்சரியும் துரையுடையது, மருந்தும் துரையுடையது. கேட்டுப் பெறுவதற்குப் பழகிய இடத்தில், கூடி முடிவெடுப்பது சட்டென்று வந்துவிடாது.

அத்தோடு மலையகத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்த 1948இன் குடியுரிமைச் சட்டம். நாடற்றவர்களாக்கப்பட்டவர்களுக்கு வாக்கில்லை; வாக்கில்லாதவர்களை எந்தச் சபையும் அழைக்காது. அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003 வரை சென்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் வந்தபோதும், சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட அதன் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. லயத்துக்குப் போகும் வழியில் ஒரு மின்விளக்குப் போடச் சபையால் முடியவில்லை. அந்த லயத்துக்காரர்களோ அதே சபைக்கு வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

சேவை தருகிறவர்களும் ஒரே கூரையின் கீழ் இல்லை. குடும்ப நல உத்தியோகத்தர், நம் ஆட்கள் மருத்துவிச்சி அம்மா என்று கூப்பிடுகிறவர், அரசாங்க ஊழியர். சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கீழ் வேலை செய்கிறார். டிஸ்பென்சரியில் இருக்கும் தோட்ட வைத்திய உதவியாளர் நிர்வாகத்தின் ஆள். பிள்ளைக் காம்பராவும் நிர்வாகத்தின் கீழ்; அந்தப் பக்கத்துக்குப் பயிற்சியும் ஒருங்கிணைப்பும் தருவது 1992இல் தோட்டங்கள் தனியார் கம்பெனிகளிடம் போன காலத்தில் உருவான பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். ஒரு பிள்ளையின் நிறை குறைந்தால் இவர்களில் யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் அன்பாகப் பேசுவார்கள், அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். இவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைக்கும் காரணம் சில வேளை தாய்மாரின் கேள்வியாக மட்டுமே இருக்கும்.

மொழியையும் சொல்லாமல் விடக்கூடாது. பல பிரிவுகளில் மருத்துவிச்சி சிங்களம் மட்டும் பேசுகிறவர். நல்ல மனசுக்காரராக இருப்பார், வேலையில் குறை வைக்கமாட்டார். ஆனால் “வெள்ளை படுகிறது” என்பதையும், “அவர் குடித்துவிட்டு அடிக்கிறார்” என்பதையும் பக்கத்து வீட்டுப் பெண்ணை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள்.

மூன்று தாமதங்கள்

தாய் மரணங்களைப் பற்றி 1994இல் இரண்டு ஆய்வாளர்கள் வகுத்த ஒரு முறை உலகமெங்கும் பயன்படுகிறது. பேறுகாலத்தில் ஒரு பெண்ணின் உயிர் போவதற்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருக்கலாம்: வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பிறகு தகுந்த சிகிச்சை கிடைப்பதில் தாமதம். மூன்றாவது வைத்தியசாலையின் கையில். முதல் இரண்டும் பெரும்பாலும் வீட்டிலும் வழியிலும்.

இரவு பதினொரு மணிக்கு மேற்பிரிவில் ஒரு பெண்ணுக்குத் திடீரென இரத்தம் போகிறது. கணவர் கொழும்பில் கடையில் வேலை. மாமியார், விடியட்டும் என்கிறார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் மழையில் கரைந்த தோட்டப் பாதையில் அது லயத்து வாசல்வரை ஏறுமா? ஏறாவிட்டால் எந்த இடத்துக்கு வரச் சொல்வது, அந்த இடம்வரை அவளை எப்படிக் கொண்டுபோவது? கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிப்போன கதை மலையகத்தில் எல்லாக் குடும்பத்திலும் ஒன்றாவது இருக்கும். வீரக் கதைபோல் சொல்லப்படும். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம், தூக்குவதற்கு ஆள் சேர்க்க எவ்வளவு நேரம் போயிருக்கும் என்றுதான் தோன்றும்.

இங்கே ஒரு தாய்மார் குழு செய்யக்கூடிய வேலை மிகச் சிறியது. பிரிவில் யார் யார் ஆறு மாதத்துக்கு மேல் என்று தெரிந்து வைத்திருப்பது. முச்சக்கரவண்டி வைத்திருக்கும் இரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி, இரவில் கூப்பிட்டால் வருவார்களா, வாடகை எவ்வளவு, பணம் பிறகு தந்தால் போதுமா என்று முடிவுசெய்வது. அம்புலன்ஸ் வரக்கூடிய கடைசி முடக்கைக் குறித்து, எல்லா வீட்டுக்கும் சொல்லி வைப்பது. இரத்தம் போனால், வலிப்பு வந்தால், பனிக்குடம் உடைந்தால், தலையிடியோடு கண் மங்கினால், வயிற்றில் பிள்ளை அசைவது குறைந்தால் விடியும்வரை காத்திருப்பதில்லை என்று மாமியார்களையும் உட்கார வைத்துப் பேசுவது. கடைசியில் சொன்னதுதான் கடினம். வெளியிலிருந்து வரும் மிஸ்ஸி சொன்னால் கேட்காத மாமியார், அடுத்த காம்பராவில் மூன்று பிள்ளை பெற்ற அக்கா சொன்னால் கேட்பார்.

இப்படிப்பட்ட குழுக்களால் உண்மையில் உயிர் பிழைக்கிறதா என்று ஆராய்ந்தும் இருக்கிறார்கள். நேபாளத்தில் மலைப்பாங்கான மக்வான்பூர் மாவட்டத்தில், உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதந்தோறும் பெண்களைக் கூட்டிப் பேறுகாலப் பிரச்சினைகளைப் பேச வைத்தார். பாடம் நடத்தவில்லை; பிரச்சினை எது, நம்மால் ஆவது என்ன என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அவசரத்துக்கு ஒரு நிதி சேர்த்த குழுக்கள் உண்டு, தூக்குப்படுக்கை செய்துவைத்த குழுக்கள் உண்டு. 2004இல் வெளியான முடிவின்படி, குழுக்கள் இருந்த பகுதிகளில் பிறந்த 1,000 குழந்தைகளில் முதல் மாதத்துக்குள் இறந்தவர்கள் 26 பேர்; குழுக்கள் இல்லாத பகுதிகளில் 37 பேர்.

இதை அப்படியே ஹட்டனுக்குக் கொண்டுவர முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே அப்போது பெரும்பாலான பிரசவங்கள் வீட்டில், இங்கே வைத்தியசாலையில். நம்முடைய சிக்கல் இரத்தச்சோகையும், நிறை குறைந்து பிறக்கும் பிள்ளைகளும், மந்தபோசணையும். ஆனால் கூடிப் பேசிக் கண்டுபிடிக்கும் முறை இவற்றுக்கும் பொருந்தும். திரிபோஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் கொடுக்கப்படும் 750 கிராம் சத்துமா பக்கெட் அது. வீட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் உருண்டையாகிவிடுகிறது. ‘பகிர்ந்து சாப்பிடாதீர்கள்’ என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறார்கள்! ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தி மட்டும் தனியாகச் சாப்பிடுவாளா? பிள்ளைக்குரிய பங்கைப் பிள்ளைக் காம்பராவிலேயே வைத்து, பத்து மணிக்கு ஆயம்மா கையால் கொடுக்கலாம் என்று தாய்மாரே சொன்னால் அந்தப் பகிர்வு தானாக நின்றுவிடும். காலையில் சாயத்தண்ணீரும் ரொட்டித் துண்டுமாக வரும் பிள்ளைக்கு அந்தப் பத்து மணி பெரிய விஷயம்.

ஏணியின் எந்தப் படி?

1969இல் ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். கீழ்ப்படியில் மக்களைக் கூட்டிவைத்துத் தலையாட்ட வைப்பது. நடுவில் தகவல் சொல்வதும் அபிப்பிராயம் கேட்பதும். கேட்டதைச் செய்யும் கட்டாயம் யாருக்கும் இல்லை. மேற்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் கை மாறுகிறது. நம் தோட்டங்களில் நடக்கும் பெரும்பாலான கூட்டங்கள் மூன்றாம் நான்காம் படியில் நின்றுவிடுகின்றன. எல்லாவற்றையும் எட்டாம் படிக்கு ஏற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எந்த மாதத்தில் எந்தத் தடுப்பூசி என்பதை வாக்கெடுப்பில் முடிவுசெய்யக்கூடாது. ஆனால் நாள், இடம், நேரம், காத்திருக்கும் இடத்தில் நிழல், கழிப்பறைக்குத் தண்ணீர், பேசும் மொழி ஆகியவற்றில் தாய்மாரின் சொல் கடைசிச் சொல்லாக இருக்கலாமே.

பங்கேற்பு என்ற பெயரில் வரும் தீமைகளும் இருக்கின்றன. அரசாங்கமோ கம்பெனியோ செய்ய வேண்டிய வேலையைப் பெண்கள் தலையில் கட்டுவது முதலாவது. பிள்ளைக் காம்பராவின் கூரை ஒழுகினால் தகரம் வாங்கத் தாய்மாரிடம் காசு சேர்ப்பது பங்கேற்பு ஆகாது, கடன் மாற்றுவது. நாள் முழுதும் கூடை சுமந்து, வந்து தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டுகிறவளிடம் இன்னொரு சம்பளமில்லாத வேலையைக் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

அடுத்தது, குழுவில் யார் இருக்கிறார்கள் என்பது. தலைவரின் மனைவி, மாதர் சங்கத் தலைவி, பேசத் தெரிந்த இரண்டு பேர். சங்கமும் கட்சியும் சாதியும் லயத்துக்குள் கோடு போட்டிருக்கின்றன. கடைசி லயத்துக்காரி அந்தப் பக்கமே வரமாட்டாள். அவளுடைய பிள்ளைதான் செம்மஞ்சளில் இருக்கும். பங்கேற்பை அளக்க விரும்பினால் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டு, வராதவர்கள் யார் என்று கேட்பது நல்லது.

மூன்றாவதை அதிகம் பேர் பேசுவதில்லை. உதவி எப்போது வேவு ஆகிறது? கூட்டத்தில் பெயர் வாசித்து, “உன் பிள்ளை மட்டும் ஏன் இப்படி?” என்று கேட்டால் அந்தத் தாய் அடுத்த மாதம் வரமாட்டாள். மணமாகாத பெண் கர்ப்பமானாலும், பதினேழு வயதில் ஒருத்தி பிள்ளை பெற்றாலும், குழுவுக்குத் தெரிந்தது லயம் முழுதுக்கும் தெரிந்துவிடும். நிறையும் இரத்தப் பரிசோதனை முடிவும் தாய்க்கும் மருத்துவிச்சிக்கும் இடையில் இருக்க வேண்டியவை. குழு பேச வேண்டியது எண்களை: இந்த மாதம் நம் பிரிவில் எத்தனை பிள்ளைகள் நிறை ஏறவில்லை, ஏன்?

எங்கிருந்து தொடங்குவது

புதிதாகச் சங்கம் அமைக்க வேண்டியதில்லை. பல இடங்களில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் தாய்மார் ஆதரவுக் குழு காகிதத்திலாவது இருக்கிறது. மருத்துவிச்சியிடம் கேட்டால் தெரியும். சம்பளத்துக்கு மறுநாள் ஞாயிறு, அல்லது கோயில் முடிந்து எல்லோரும் இருக்கும் நேரம், இப்படிப் பெண்களுக்கு ஆகும் நேரத்தில் கூடலாம். முதல் கூட்டத்தில் ஒரே ஒரு பிரச்சினையை எடுக்க வேண்டும். பத்தை எடுத்தால் பத்தும் கிடப்பில் போகும். ஒரு கொப்பியில் தேதி, பேசியது, யார் யாரிடம் போய்ச் சொல்வது, என்ன பதில் என்று எழுத வேண்டும். அடுத்த கூட்டம் அந்தப் பதிலில் தொடங்க வேண்டும். பதில் வராத கூட்டங்கள் மூன்று நடந்தால் நாலாவதுக்கு ஆள் வராது, அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சட்டத்தில் ஏற்கனவே இருப்பதைக் கேட்பது எளிது. பிரசவ விடுமுறை 2018இலிருந்து எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள். அதற்கு முன் மூன்றாம் பிள்ளை முதல் அது பாதியாக இருந்தது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு இடைவேளைகள் உண்டு: பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். மேல்மலையில் பறிக்கும் நாளில் போய்வரும் நேரத்தையும் அந்த அரை மணிக்குள் கணக்கிட்டால் அது யாருக்குப் பயன்படும் என்ற கேள்வியோடு துரையிடம் போகலாம். ஒருத்தியாக இல்லாமல் பத்துப் பேராக.

எழுதிக் கேட்பதானால் தமிழிலேயே எழுதலாம். தமிழும் அரசகரும மொழி. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெறும் உரிமை இருக்கிறது. தங்கள் பிரிவில் எத்தனை பிள்ளைகளுக்கு நிறை பார்த்தார்கள், எத்தனை மாதம் கிளினிக் நடக்கவில்லை, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வெற்றிடங்கள் எத்தனை என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா இல்லையா என்று தகவல் அதிகாரி தீர்மானிக்க வேண்டிய 14 வேலை நாட்களை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண முடியும்.